ராம், அபிஸ்டோவுக்கு என்ன துணை? கொழும்புக் கடைகளில் கிடைக்கும் மீன்கள் பற்றி ஒரு மதிப்பீடு

ராமும் அபிஸ்டோவும் குள்ள சிக்லிட் என்ற சின்ன மீன் வகையைச் சேர்ந்தவை. கொழும்பில் ஒரு சோடி ராம் வாங்கப் போகிறவருக்குப் பல மீன் கடைகளில் கிடைக்கும் யோசனை ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டடித் தொட்டி, மேலே நாலு கப்பி, கீழே இரண்டு கோரி (மீசையுள்ள சின்னக் கெளுத்தி), கண்ணாடியைத் துடைக்க டேங்க் கிளீனர் என்ற மீன் ஒன்று. முதல் வாரம் பார்க்க நிறைவாக இருக்கும். பிறகு ராம் முட்டையிடும், கோரிகள் மூலைக்குள் ஒடுங்கும், கப்பியின் வால் கிழியும், டேங்க் கிளீனர் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். இந்தக் கூட்டணிக்கு எங்கள் புள்ளி பத்துக்கு இரண்டு. அந்த இரண்டும் ராமுக்குத்தான்.

குள்ள சிக்லிட்டுக்குத் துணை தேடும்போது விலையையும் நிறத்தையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு இரண்டு விஷயங்களைக் கேட்க வேண்டும். அந்த மீன் தொட்டியின் எந்த மட்டத்தில் வாழ்கிறது? கொழும்பு வெக்கையை வருடம் முழுக்கத் தாங்குமா? இரண்டிலும் தேறுகிற மீன்கள் கடைகளில் இருக்கின்றன. ஆனால் முன்வரிசைத் தொட்டிகளில் அவை இருப்பது குறைவு.

முதலில் அடித்தளக் கணக்கு. 24 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் உள்ள தொட்டி விளிம்பு வரை நிரம்பினால் ஏறக்குறைய 56 லீற்றர். மணல் போட்டு, மேலே இடைவெளி விட்டால் மிஞ்சுவது 45 லீற்றர் அளவு. தரை இரண்டு சதுர அடி. முட்டையிட்ட ராம் சோடி அதில் ஓர் அடியைத் தனதாக்கிக்கொள்ளும், பல சோடிகள் முழுத் தரையையும் எடுத்துக்கொள்ளும். ஆகவே இந்த அளவுத் தொட்டியில் தரை சிக்லிட்டுக்கே சொந்தம் என்று வைத்துக்கொண்டுதான் மற்ற மீனை வாங்க வேண்டும். நடுத் தண்ணீரும் மேல் தண்ணீரும்தான் துணைக்குரிய இடம்.

துணையே வேண்டாம் என்று விடவும் முடியாது. அபிஸ்டோவும் ராமும் பயந்த சுபாவம் உள்ளவை. மேலே சின்ன மீன்கள் பதற்றமில்லாமல் நீந்தினால்தான் பருந்தோ கொக்கோ இல்லை என்று நம்பி வெளியே வரும். மேலே ஒன்றும் அசையாத தொட்டியில் அவை மரக்கட்டைக்குப் பின்னாலேயே கிடக்கும். இன்னொன்றும் உண்டு. விரட்ட வேறு மீன் இல்லாவிட்டால் ஆண் தன் பெண்ணையே விரட்டும். இரண்டடித் தொட்டியில் பெண்ணுக்கு ஓட இடமில்லை.

அடுத்தது வெக்கை. ஏசி இல்லாத கொழும்பு வீட்டில் தொட்டித் தண்ணீர் வருடத்தின் பெரும்பகுதி 27 முதல் 30 பாகை வரை நிற்கும். மார்ச், ஏப்ரல் பகலில் அதற்கும் மேலே போகும். ராமுக்கு இது பிரச்சினையே இல்லை. வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளின் ஒரினோகோ சமவெளியில் வெதுவெதுப்பான தண்ணீரில் பிறந்த மீன் அது, 27 முதல் 30 வரை அதற்குச் சுகம். சிக்கல் துணைக்கு வருகிறவற்றுக்குத்தான். தவிர, சூடான தண்ணீர் ஒட்சிசனைக் குறைவாகவே பிடித்துவைக்கும். 25 பாகையில் லீற்றருக்கு எட்டு மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும், 30 பாகையில் ஏழரை அளவுதான். அதே வெப்பத்தில் மீனின் ஒட்சிசன் தேவை கூடும். அதனால்தான் ஐரோப்பிய, அமெரிக்கக் கணக்கில் எழுதிய மீன் எண்ணிக்கையை இங்கே அப்படியே எடுக்கக் கூடாது. ஒரு கால்வாசி குறைத்து வைப்பதே எங்கள் ஆலோசனை.

ஏசி அறை என்றால் கதை தலைகீழ். இரவில் 24க்கு வைத்த அறையில் தொட்டியும் அதை ஒட்டி இறங்கும், பகலில் ஏசியை நிறுத்தியதும் ஏறும். இந்த ஏற்ற இறக்கம்தான் ராமுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வரும் வழி. அங்கே 27 பாகைக்கு வைத்த 50 வாட் ஹீட்டர் கட்டாயம். கொழும்பில் ஹீட்டர் எதற்கு என்று கடைக்காரர் சிரித்தாலும் வாங்குங்கள்.

இனி மீன்கள்.

கார்டினல் டெட்ராவும் நியோன் டெட்ராவும் ஒன்று என்று நினைத்து வாங்குவதுதான் இந்த விஷயத்தில் அதிகம் நடக்கும் பிழை. இரண்டும் நீலமும் சிவப்பும்தான், ஆனால் கார்டினலின் சிவப்புப் பட்டை தலையருகே தொடங்கி வால் வரை முழு நீளத்துக்கும் ஓடும். நியோனில் வயிற்றின் நடுவில்தான் சிவப்பு தொடங்கும். நியோன் 20 முதல் 26 பாகை வரை நன்றாக இருக்கும் மீன். நம் வெக்கையில் உடனே சாகாது, ஆனால் எப்போதும் களைத்தே இருக்கும், நோய் எளிதில் பிடிக்கும், ஆயுள் குறையும். கார்டினல் ரியோ நேக்ரோ, ஒரினோகோ ஆறுகளின் மீன். 29 பாகையிலும் நிறம் மங்காது. ராமின் சொந்த ஊர்க்காரன் என்றே சொல்லலாம். இரண்டடித் தொட்டிக்கு எட்டு போதும். விலை நியோனைவிடக் கூட, அது நியாயமான கூடுதல். கார்டினலுக்கு ஒன்பது புள்ளி. நியோன் நல்ல மீன்தான், ஏசி அறையில் 25 பாகையில் நிற்கும் தொட்டிக்கு ஏற்றது. ராம் தொட்டிக்கு அல்ல.

எம்பர் டெட்ரா இரண்டு செ.மீ. மட்டுமே வளரும், செம்மஞ்சள் நிறம், யாருடைய செட்டையையும் கடிக்காது. 45 லீற்றரில் பத்து வைத்தாலும் நெரிசல் தெரியாது. ராமின் வாய் சிறியது, வளர்ந்த எம்பரை விழுங்காது. ஆனால் இன்னொரு சிக்லிட்டான கிரிபென்சிஸின் வளர்ந்த ஆண் இருக்கும் தொட்டியில் விட வேண்டாம். ரம்மிநோஸ் டெட்ரா அழகிலும் ஒழுங்கிலும் எல்லாவற்றையும் மிஞ்சும், கூட்டமாகத் திரும்பும்போது பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் ஐந்து செ.மீ. வளரும், நீள நீச்சல் வேண்டும், எட்டுக்குக் குறைந்தால் தடுமாறும். இரண்டரை அடிக்குக் குறைந்த தொட்டிக்கு அதை வாங்காதீர்கள். தண்ணீர் கெட்டால் மூக்குச் சிவப்பு முதலில் வெளிறும். சோதனைக் குழாய் எடுக்கும் முன்னரே அது சொல்லிவிடும்.

ஹார்லெக்வின் ரஸ்போரா எல்லாக் கடையிலும் உண்டு, மலிவு, உறுதி. நான்கரை செ.மீ. வளரும், 28 பாகை வரை சுகமாக இருக்கும், நடு மட்டத்தைவிட்டு அதிகம் இறங்காது. புதிதாகத் தொடங்குகிறவருக்குக் கார்டினலைவிட இதையே முதலில் சொல்வோம், ஏனென்றால் தண்ணீர் சற்றுப் பிசகினாலும் மன்னிக்கும். ஆறு முதல் எட்டு வரை. எட்டரைப் புள்ளி.

ஹாட்செட் கிடைத்தால் மேல்மட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. மேற்பரப்பைவிட்டுக் கீழே வராது, சிக்லிட்டின் கண்ணிலேயே படாது. ஆனால் மூடி இல்லாத தொட்டியில் காலையில் தரையில் காய்ந்து கிடக்கும். பில்டர் குழாய்க்கு வெட்டிய இடைவெளியையும் வலையால் அடைக்க வேண்டும், அதன் வழியாகவே பாயும்.

நம் நாட்டு மீன்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செரி பார்ப் இலங்கையின் தென்மேற்கு ஈர வலயத்துக்கே உரிய மீன், 1929இல் தெரணியகல விவரித்தது. ஐந்து செ.மீ., சாந்தம், பார்ப் என்ற பெயருக்கு மாறாகச் செட்டை கடிக்காது. இருந்தும் முழுப் புள்ளி கொடுக்க முடியவில்லை. நிழலான ஓடைகளின் மீன் என்பதால் 27 பாகைக்கு மேல் நீண்ட காலம் நிற்பது அதற்கு நல்லதல்ல. நடுவிலிருந்து கீழ் மட்டத்தில் மேயும் பழக்கம் இருப்பதால் முட்டையிட்ட சோடியோடு உரசவும் நேரும். செடி அடர்ந்த இரண்டரை அடித் தொட்டியில் அபிஸ்டோவோடு பொருந்தும், 30 பாகை ராம் தொட்டியில் பொருந்தாது. வாங்கும்போது பண்ணையில் வளர்த்ததா என்று கேளுங்கள். ஓடையில் பிடித்ததென்றால் வேண்டாம். ஹொரடண்டியா இன்னும் சின்னது, மூன்று செ.மீ.தான் வரும். மேற்குக் கரையோரத் தாழ்நிலத்தின் மீன் என்பதால் நம் வெக்கை அதற்குப் பழக்கம். நிறம் அடக்கமானது, பளபளப்பைத் தேடுகிறவருக்குப் பிடிக்காது. பத்து, பன்னிரண்டு சேர்த்து விட்டால் அந்தப் பச்சை மினுக்கம் தெரியும்.

கோரி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் சேதப்படும் மீன் அதுதான். சிக்லிட்டுகள் தங்களுக்குள் சைகையால் பேசுகின்றன. செவுளை விரித்து, செட்டையை நிமிர்த்தி, வாலால் தண்ணீரை அடித்து எச்சரிக்கும், எதிரில் இருப்பதும் சிக்லிட் என்றால் விலகிவிடும். கோரிக்கு அந்தப் பாஷை தெரியாது. உடம்பெல்லாம் கவசம் இருப்பதால் முதல் இரண்டு இடியையும் பொருட்படுத்தாமல் மணலைக் கிளறிக்கொண்டே முன்னே வரும். எச்சரிக்கை பலிக்காத சிக்லிட் கவசமில்லாத இடத்தைக் குறிவைக்கும். அது கண். ஒற்றைக் கண் கோரிகள் பல தொட்டிகளில் இப்படித்தான் உருவாகின்றன. இரவானதும் நிலைமை மாறும். இருட்டில் சிக்லிட்டுக்குக் கண் தெரியாது, கோரிக்கு மீசை போதும். விடிவதற்குள் முட்டை முழுவதையும் தின்று முடித்திருக்கும். இரண்டு பக்கமும் தோற்கும் ஏற்பாடு இது.

வெப்பமும் சேர்ந்தால் தெரிவு இன்னும் சுருங்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் வெண்கலக் கோரி, அல்பினோ, பாண்டா, பெப்பர் எல்லாமே இளங்குளிர்ச்சியை விரும்புபவை. சூடு நன்றாகத் தாங்கும் கோரி என்றால் ஸ்டெர்பாய், அது ஆறரை செ.மீ. வரை வரும். மூன்றடித் தொட்டியும், ஒரு பக்கம் வெறும் மணல் திடலும் இருந்தால் ஆறு ஸ்டெர்பாய் வைக்கலாம். இரண்டடியில் எந்தக் கோரியும் வேண்டாம் என்பதே எங்கள் முடிவு.

ஒட்டோசின்க்லஸ் பாசி தின்னும் சின்ன மீன், நான்கு செ.மீ., யாரோடும் சண்டையில்லை. பிடித்த இடத்திலிருந்து கடை வரை பட்டினியாகவே வருவதால் வாங்கும்போது வயிற்றைப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிறு உருண்டு தெரிந்தால் எடுக்கலாம், குழிந்திருந்தால் இரண்டு வாரம் தாங்காது. தொட்டி மூன்று மாதம் ஓடி, கண்ணாடியில் மெல்லிய பாசி படிந்த பிறகே விட வேண்டும்.

டேங்க் கிளீனர் என்று விற்கும் ப்ளெகோ ஓர் அடிக்கு மேல் வளரும். அதன் கழிவே சின்னத் தொட்டியை அழுக்காக்கும். வளர்ந்ததும் தியவன்னா ஓயாவிலோ பொல்கொடவிலோ விட்டுவிடலாம் என்று யோசனை சொல்பவர் பேச்சைக் கேட்கவே கூடாது. இந்த இனம் ஏற்கனவே நம் நீர்நிலைகளில் ஆக்கிரமிப்பு மீனாகப் பெருகியிருக்கிறது. சைனீஸ் அல்ஜி ஈட்டர் சின்னதில் பாசி தின்னும், வளர்ந்ததும் மற்ற மீனின் உடம்பில் ஒட்டிச் சளிப்படலத்தை உறிஞ்சும். இரண்டுக்கும் பூச்சியம்.

டைகர் பார்ப், செர்பே டெட்ரா, விடோ டெட்ரா மூன்றும் செட்டை கடிப்பவை. கொக்காட்டு அபிஸ்டோ ஆணின் நீண்ட முதுகுச் செட்டை ஒரு வாரத்தில் குட்டையாகிவிடும். ஏஞ்சல் மீன் அழகுதான், ஆனால் அதற்கு உயரம் வேண்டும், வளர்ந்தால் எம்பரையும் கார்டினலையும் இரையாக்கும். குள்ள கௌராமி ஆண் தன் பங்குக்கு எல்லை பிடிக்கும், அந்த இனத்தில் இரிடோவைரஸ் நோயும் பரவலாக இருக்கிறது. கௌராமி கட்டாயம் வேண்டுமென்றால் தேன் கௌராமி ஒரு சோடி எடுங்கள், அது சாது. கப்பி கடினத் தண்ணீர் மீன், நம் குழாய்த் தண்ணீர் மென்மையானது. ராமுக்கேற்ற தண்ணீரில் கப்பி நாளடைவில் மெலியும், கப்பிக்கேற்ப உப்பும் சிப்பியும் போட்டால் ராம் வாடும். செரி இறாலின் குஞ்சுகள் சிக்லிட்டுக்குத் தீனியாகிவிடும் என்பதை ஏற்றுக்கொள்கிறவர்கள் மட்டும் விடலாம்.

சிக்லிட் பக்கமும் ஒரு வார்த்தை. பலூன் ராம் முதுகெலும்பு குறுகும்படி இனவிருத்தி செய்தது. மெதுவாகத்தான் நீந்தும், தீனிக்குப் போட்டி போடாது, ஹார்லெக்வின்கூட அதற்கு வேகம் அதிகம். எம்பர் மட்டும் பொருந்தும். கிரிபென்சிஸ் விலை குறைவு, உடம்பு உறுதி. ஆனால் ஆண் பத்து செ.மீ. வரும், குஞ்சு காக்கும் மூன்று நாலு வாரமும் இரண்டடித் தொட்டியில் மற்ற எதையும் நிம்மதியாக விடாது. சின்னத் தொட்டிக்குக் கிரிபென்சிஸைக் குள்ள சிக்லிட் என்று சொல்லி விற்பது சரியல்ல.

தண்ணீரும் உள்ளமைப்பும் சரியில்லாவிட்டால் நல்ல துணையும் தோற்கும். களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் சுத்திகரித்து வரும் தண்ணீரில் குளோரின் உண்டு. குளோரின் நீக்கியைக் குப்பியில் சொன்ன அளவுக்குக் கலந்த பிறகே ஊற்ற வேண்டும். மென்மையான தண்ணீரில் பிஎச் (அமில, கார அளவு) மாறாமல் தாங்கும் சக்தி குறைவு என்பதால் வாரத்துக்கு ஒரு தடவை கால்வாசி மாற்றுவது, மாதத்துக்கு ஒரு தடவை பாதி மாற்றுவதைவிட நல்லது. கொட்டம்பா மரத்தின் காய்ந்து விழுந்த இலை ஒன்று 45 லீற்றருக்குப் போதும். கழுவிப் போட்டால் தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு வரும், அபிஸ்டோவுக்கு அது பிடித்த நிறம். மூன்று நாலு வாரத்தில் நரம்பு மட்டும் மிஞ்சும்போது மாற்றலாம். குகைக்குச் சிரட்டையைவிட மலிவாக ஒன்றும் இல்லை. தும்பைச் சுரண்டி, கொதிக்கவைத்து, விளிம்பில் மூன்று செ.மீ. வாசல் வெட்டிக் கவிழ்க்க வேண்டும். பெண் நுழையும் அளவுக்கு வாசல் இருந்தால் போதும், பெரிதானால் ஆணும் உள்ளே வந்து தொல்லை தரும். சல்லடையில் சலித்த ஆற்று மணல் மூன்று செ.மீ. போடுங்கள். கடற்கரை மணல் வேண்டாம், அதிலுள்ள சிப்பித்தூள் தண்ணீரைக் கடினமாக்கும். ஒரு மூலையிலிருந்து மறு மூலை தெரியாதபடி நடுவில் ஒரு மரக்கட்டையும், இலங்கையிலேயே விளையும் கிரிப்டோகொரைன் செடிகளும் நட்டால் பாதிச் சண்டை குறையும். கண்ணில் படாததை ராம் துரத்தாது.

விடும் ஒழுங்கு முக்கியம். முதலில் டெட்ரா அல்லது ரஸ்போரா, கடைசியில் சிக்லிட். சிக்லிட்டை முதலில் விட்டால் தொட்டி முழுதும் தனது என்று முடிவெடுத்துவிடும், பிறகு வருவது எல்லாம் அதற்கு அத்துமீறல். புதுத் தொட்டியில் ராம் சாவதற்கும் காரணம் பெரும்பாலும் இதே அவசரம்தான். மீன் கழிவிலிருந்து வரும் நச்சுகளான அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியத்தில் நின்று இரண்டு மாதமாவது ஓடிய தொட்டி அதற்கு வேண்டும்.

கடையில் ராமைப் பார்க்கும்போது தீனி போடச் சொல்லுங்கள். ஓடிவந்து தின்னாததை எடுக்காதீர்கள். வெள்ளை நூல்போலக் கழிவு தொங்கினால் குடல் ஒட்டுண்ணி, கழிவுத் துவாரத்தில் சிவப்பு இழைகள் நீட்டிக்கொண்டிருந்தால் கமலானஸ் புழு. அப்படி ஒன்று இருந்தால் அதே தொட்டியின் எந்த மீனும் வேண்டாம், டெட்ராவும்தான். வீட்டுக்கு வந்ததும் 20 லீற்றர் வாளியில் பழைய தொட்டியில் ஊறிய ஸ்பொஞ்ச் பில்டரோடு மூன்று வாரம் தனியே வைப்பது, பிறகு முழுத் தொட்டிக்கும் மருந்து போடுவதைவிட எவ்வளவோ சுலபம்.

தீனி போடுவதிலும் ஒரு முறை உண்டு. மேல் மீனுக்கு முதலில் நொறுக்கிய செதிள் தீனி, அவை அதில் மும்முரமாக இருக்கும்போது கீழே அமிழும் குருணையோ உறைந்த ஆர்ட்டீமியாவோ (உப்புநீர்ச் சிற்றிறால்). முறை மாறினால் டெட்ராக்கள் எல்லாவற்றையும் வழியிலேயே பிடித்துவிடும், சிக்லிட் மெலியும். உயிர்த்தீனிக்காகப் பல்கனி வாளியில் நுளம்புக் குடம்பி வளர்க்கவே வேண்டாம். டெங்கு ஊரில் அது அயலவருக்கு ஆபத்து, 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி தண்டனைக்குரியதும்கூட. சாக்கடையில் எடுக்கும் டியூபிஃபெக்ஸ் புழுவும் நோயைக் கொண்டுவரும்.

முட்டையிடும் நாட்களில் பயப்பட வேண்டியது எது, வேண்டாதது எது என்று தெரிந்திருப்பது நல்லது. ராம் தட்டைக் கல்லிலும், அபிஸ்டோ சிரட்டையின் கூரையிலும் இடும். 28 பாகையில் ராம் முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிக்கும், பின்னும் நாலைந்து நாளில் குஞ்சு நீந்தும். அபிஸ்டோ பெண் அப்போது மஞ்சளாகிக் கருப்புக் கோடுகளோடு ஆணையே விரட்டும். டெட்ராக்கள் மேல் மூலையில் கூடி நின்றால் கவலை வேண்டாம், அப்படித்தான் நிற்கும். செட்டை கிழிந்த மீன் பில்டர் குழாய்க்குப் பின்னால் தலை கீழாக ஒதுங்கி நின்றால் அன்றே எடுத்துவிட வேண்டும். ஆண் அபிஸ்டோ அப்படி நின்றால் அதுவும் எடுபட வேண்டியதுதான். முதல் தடவை முட்டையைத் தாங்களே தின்பது இளம் சோடிகளின் வழக்கம், அதற்காகத் துணை மீனைக் குறை சொல்ல வேண்டாம்.

கடைக்குப் போகுமுன் கையில் எழுதிக்கொண்டு போக: ஏசி இல்லாத வீட்டில் இரண்டடித் தொட்டிக்கு ஒரு சோடி ராம், எட்டுக் கார்டினல் அல்லது பத்து எம்பர், அவ்வளவுதான். இரண்டரை அடி நீளம், 15 அங்குல அகலம் என்றால் ஒரு சோடி கொக்காட்டு அபிஸ்டோ, எட்டு ரம்மிநோஸ், மூன்று மாதத்துக்குப் பிறகு நாலு ஒட்டோ. மூன்றடியில் அபிஸ்டோ ஆண் ஒன்றும் பெண் மூன்றும் வைக்கலாம், ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சிரட்டை, மேலே பன்னிரண்டு ஹார்லெக்வின், திடலில் ஆறு ஸ்டெர்பாய். மின்வெட்டு வரும் பகுதியென்றால் இந்தப் பட்டியலோடு பட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றும் வேண்டும். 30 பாகைத் தண்ணீரில் பில்டர் நின்றால் முதலில் மேலே வந்து வாயைத் திறப்பது ரம்மிநோஸ்தான்.